புதுசா தூண்டில் போட வர்றவங்க என்ன வாங்கணும், எந்த வரிசையில வாங்கணும்

கடைக்குள்ள போனதும் எல்லாரும் மொதல்ல தூக்கிப் பாக்கிறது ராடை, அதாவது தூண்டில் கம்பைத்தான். ரெண்டு ஆட்டு ஆட்டிப் பாத்துட்டு "அண்ணே இதுக்கு ஒரு நல்ல ரீலா மாட்டிக் குடுங்க"ன்னு கேக்குறாங்க, கடைக்காரரும் அன்னிக்கு எது ஸ்டாக் இருக்கோ அதை மாட்டிக் குடுத்துடுறாரு. இந்த வரிசை தலைகீழா இருக்கு. நீங்க போகப்போற தண்ணி எது, அதுல என்ன மீன் இருக்குன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, அந்த மீனுக்கு எவ்ளோ வலுவான நரம்பு (தூண்டில் கயிறு) வேணும், எந்த நம்பர் முள்ளு (கொக்கி) வேணும்னு பாருங்க, அந்த நரம்புக்கு ஏத்த ராடு, அந்த ராடுக்கு ஏத்த ரீலு (நரம்பைச் சுத்தி இழுக்குற கருவி)ன்னு கடைசியா வாங்க. இப்படி வந்தீங்கன்னா பாதி காசு மிச்சம், வாங்கினது எதுவும் பரண்ல கிடக்காது.

தமிழ்நாட்டுல புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு மூணு வகைத் தண்ணிதான் பெரும்பாலும் கிடைக்கும். ஊர் ஏரி, குளம், கால்வாய்னு இருந்தா ஜிலேபி, கெண்டை, கெளுத்தி, விரால், குரவை. அணைப்பக்கம்னா கட்லா, ரோகு, மிர்கால், இதுங்க நல்லா பெருசாவும் இருக்கும். கடலோரம், முகத்துவாரம்னா கெழங்கா, கொடுவா, பாறை, சீலா. இந்த மூணுக்கும் ஒரே செட்டு போதும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஏரிக்கு வாங்கின லேசான ராடுல கடல்ல பாறை மீன் மாட்டினா ராடும் போகும் மீனும் போகும், கடல் ராடை எடுத்துட்டுப் போய் குளத்துல ஜிலேபி பிடிச்சா மீன் கடிச்சதே கைக்குத் தெரியாது.

என் யோசனை, மொதல் செட்டை ஏரி ஜிலேபிக்கும் கெண்டைக்கும்னு வெச்சுக்கோங்க. ஜிலேபி நம்ம ஊர் மீனே கிடையாது, மொசாம்பிக் திலேப்பியாவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது 1952ல, அதுக்கப்புறம் இது போகாத குளமே இல்லங்கிற அளவுக்குப் பெருகிடுச்சு, நாட்டு மீனுங்களோட எடத்தையும் தீனியையும் புடுங்கிக்கிட்டு இருக்கு. அதனால பிடிச்சு சமைச்சு சாப்பிட யோசிக்கவே வேணாம். கூச்சமில்லாம கடிக்கும், கரை ஓரத்துலயே இருக்கும், கத்துக்க இதை விட நல்ல மீன் கிடையாது.

ஜிலேபிக்கு மட்டும்னா ரீலே தேவையில்ல, இதை நான் உறுதியாவே சொல்றேன். பத்து பன்னெண்டு அடில நேரான, காஞ்ச, நுனி நல்லா வளையிற மூங்கில் கம்பு ஒண்ணு, கம்போட நீளத்துக்கே நரம்பு, ஒரு தக்கை, மிளகு சைசுல ஈயம், 10ம் நம்பர் முள்ளு, மண்புழு. அவ்ளோதான். தக்கை எப்போ லேசா ஆடுது, எப்போ சாயுது, எப்போ உள்ள இழுக்குது, எந்த நேரத்துல சுண்டணும், இதெல்லாம் இந்தக் கம்புலதான் சீக்கிரமா கைக்கு வரும். குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா கண்டிப்பா இதுலேருந்தே ஆரம்பிங்க, ரீலைக் குடுத்தா பாதி நேரம் சிக்கு எடுக்குறதுலயே போயிடும், பசங்களுக்கு ஆசையே விட்டுப்போகும்.

சரி, தூரமா வீசணும், ராடு ரீலுதான் வேணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா நரம்புலேருந்து தொடங்கலாம். மீனுக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கிறது நரம்பு ஒண்ணுதான், ஆனா அதுலதான் எல்லாரும் காசைக் குறைக்கிறாங்க. கடையில மூணு வகை சொல்லுவாங்க. நைலான் மோனோ, பிரெய்டு, ஃப்ளூரோகார்பன். புதுசா வர்றவங்களுக்கு மோனோ போதும், முடிச்சு நல்லா நிக்கும், விலை கம்மி, கொஞ்சம் இழுபடும், அந்த இழுப்புதான் உங்களைக் காப்பாத்தும், ஏன்னா ஆரம்பத்துல எல்லாரும் தேவைக்கு மேல வேகமாத்தான் சுண்டுவாங்க, மோனோ ரப்பர் மாதிரி அதைத் தாங்கிக்கும். பிரெய்டு சுத்தமா இழுபடாது, அதே தடிமன்ல மோனோவை விட ரெண்டு மூணு மடங்கு வலு இருக்கும், தூரமாவும் போகும், ஆனா சிக்கு விழுந்தா எடுக்குறது கஷ்டம், பாறையில உரசினா டக்குனு அறுந்துடும், வெறுங்கையில சுத்தி இழுத்தா விரலையே அறுத்துடும். ஃப்ளூரோகார்பன் தண்ணிக்குள்ள அவ்வளவா தெரியாது, உரசலைத் தாங்கும், அதை முழு ரீலுக்கும் சுத்த வேண்டியதில்ல, முள்ளுக்கு முன்னால ரெண்டு மூணு அடி லீடரா, அதாவது தனி முன்துண்டாக் கட்டினா போதும்.

தடிமன் எப்படிப் பாக்கறதுன்னா, ஸ்பூல், அதாவது நரம்பு சுத்தியிருக்கிற உருளை மேல ரெண்டு நம்பர் போட்டிருக்கும், ஒண்ணு எம்.எம்., இன்னொண்ணு எல்பி, அதாவது பவுண்டு. மோனோல 0.28 எம்.எம். சுமாரா 10 எல்பி, 0.30 சுமாரா 12 எல்பி, 0.40 சுமாரா 20 எல்பி வரும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். 0.25 எம்.எம்.ல 40 எல்பி மோனோன்னு போட்டு மலிவா விக்கிறதைப் பாத்தா ஒதுங்கிடுங்க, அவ்ளோ மெல்லிசான மோனோல அந்த வலு வரவே வராது. ஜிலேபி, சின்னக் கெண்டைக்கு 6லேருந்து 8 எல்பி, ஏரியில எல்லாத்துக்கும் பொதுவா 10லேருந்து 12 எல்பி, அணையில பெரிய கட்லாவுக்கு 15லேருந்து 20 எல்பின்னு வெச்சுக்கலாம். "எதுக்கும் இருக்கட்டும்"னு 40 எல்பி போட்டீங்கன்னா நரம்பு தடிச்சுப்போய் வீச்சும் வராது, மீனும் சந்தேகப்பட்டுக் கிட்ட வராது. கடையில வெயில் படுற மாதிரி வெளியில தொங்கவிட்ட ஸ்பூலை எடுக்காதீங்க, நைலானுக்கு வெயில் ஆகாது, புதுசா இருக்கும்போதே வலு போயிருக்கும்.

முள்ளு நம்பர்தான் புதுசா வர்றவங்களை ரொம்பக் குழப்பும். நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாகும், அதாவது 10 சின்னது, 6 அதை விடப் பெருசு, 1 இன்னும் பெருசு. 1 தாண்டினதும் 1/0, 2/0, 3/0ன்னு வரும், இங்க நம்பர் ஏறினா சைசும் ஏறும். ஜிலேபிக்கு 8 இல்ல 10, ஜிலேபிக்கு வாய் சின்னது. கெண்டை வகைக்கு 4லேருந்து 6. கெளுத்திக்கு கோழிக்குடல் வெச்சுப் போடுறதுன்னா 1, 1/0. நூறு முள்ளு இருபது ரூபான்னு வர்ற பாக்கெட் வேணாம், நல்ல முள்ளு பத்து வாங்குங்க, மஸ்டாட் மாதிரி பழைய கம்பெனி முள்ளு சின்ன ஊர் கடையில கூடக் கிடைக்கும். கூர் பாக்குறதுக்கு முள்ளு நுனியைக் கட்டைவிரல் நகத்துல லேசா வெச்சு இழுங்க, நகத்துல புடிச்சுதுன்னா கூர் இருக்கு, வழுக்கிட்டுப் போச்சுன்னா மீன் வாய்லயும் வழுக்கும். பசங்க கூட வர்றாங்கன்னா முள்ளு நுனிக்குப் பக்கத்துல எதிர்ப்பக்கமா நிக்கிற எதிர்க்கொக்கியை நோஸ் பிளையரால அமுக்கி விட்டுடுங்க, கையில குத்தினாலும் சுலபமா வெளியில வந்துடும், சின்ன மீனைத் திரும்ப விடவும் வசதி.

ஈயத்தைப் பல்லால கடிச்சு நரம்புல அமுக்குற பழக்கம் நிறைய பேருகிட்ட இருக்கு. தயவு செஞ்சு பண்ணாதீங்க, ஈயம் விஷம், பிளையர் எதுக்கு இருக்கு. ஈயம் எவ்ளோ போடணும்னா தக்கை நேரா நின்னு தலை மட்டும் தண்ணிக்கு மேல தெரியணும், அதுக்கு மேல வேணாம். தக்கைக்குக் காசு செலவு பண்ண அவசியமே இல்ல, நெட்டித் துண்டு, பழைய ரப்பர் செருப்பை வெட்டின துண்டு, எது வேணா ஓடும்.

இப்போ ராடு. எட்டு பத்து அடி ராடு வாங்கினாதான் தூரமா போகும்னு ஒரு எண்ணம் இருக்கு. ஏரிக்கரையில மரம், முள்ளுச்செடி எல்லாம் இருக்கும், அங்க 6 அடிலேருந்து 7 அடிதான் வசதி. ராடு மேல, கைப்பிடிக்குக் கொஞ்சம் மேல, சின்ன எழுத்துல எல்லாம் போட்டிருக்கும், அதைப் படிக்காம வாங்காதீங்க. நீளம், எத்தனை துண்டு, பவர், எந்த நரம்பு தாங்கும், எத்தனை கிராம் வெயிட்டு வீசலாம்னு இருக்கும். பவர்ங்கிறது ராடு எவ்ளோ பலம்ங்கிறது, லைட், மீடியம் லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவின்னு போகும். ஆக்‌ஷன்ங்கிறது எங்கேருந்து வளையுதுங்கிறது, ஃபாஸ்ட்டுன்னா நுனி மட்டும் வளையும், ஸ்லோன்னா கைப்பிடி வரைக்கும் வளையும், மாடரேட்னா ரெண்டுக்கும் நடுவுல. முதல் ராடுக்கு மீடியம் பவர், மாடரேட் இல்ல மாடரேட் ஃபாஸ்ட், வீசுற வெயிட்டு 10லேருந்து 30 கிராம், நரம்பு 8லேருந்து 15 எல்பி சுமாருக்குப் போட்டிருந்தா எடுத்துக்கோங்க. 30 கிராம்னு போட்ட ராடுல 80 கிராம் ஈயத்தைக் கட்டி முழு வேகத்துல வீசினா ராடு முறிஞ்சாலும் ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல.

கார்பனா ஃபைபர் கிளாஸான்னு கேப்பாங்க. கார்பன் லேசா இருக்கும், கடி நல்லாத் தெரியும், ஆனா எங்கயாவது மோதினா, கார் கதவுல மாட்டினா போச்சு. ஃபைபர் கிளாஸ் கொஞ்சம் கனம், ஆனா அடி தாங்கும். ஆரம்பத்துல ராடு கீழ விழும், மிதிபடும், பஸ்ஸுல இடிபடும், அதனால மொதல் ராடு ஃபைபர் கிளாஸ் இல்லைன்னா ரெண்டும் கலந்த காம்போசிட் வாங்குறது புத்திசாலித்தனம். கார்பனுக்கு இன்னொரு விஷயம், அது மின்சாரத்தைக் கடத்தும். நம்ம ஊர்ல ஏரிக்கரை மேல, வயக்காட்டு கால்வாய் மேல கரெண்ட் கம்பி தாழ்வாப் போற எடம் நிறைய இருக்கு, வீசுறதுக்கு முன்னாடி தலையைத் தூக்கி மேல பாருங்க, இடி மின்னல் வந்தா எந்த ராடா இருந்தாலும் கீழ வெச்சுட்டு எடத்தைக் காலி பண்ணுங்க.

இழுத்து நீட்டுற டெலஸ்கோபிக் ராடு பையில அடங்கும்னு நிறைய பேர் வாங்குறாங்க. மணல் உள்ள போனா ஜாயிண்டு இறுகிக்கும், நுனிப்பகுதி சீக்கிரம் உடையும். அதுக்கு ரெண்டு துண்டு ராடு மேல், 7 அடி ராடு மடிச்சா மூன்றரை அடிதான், டவுன் பஸ்ஸுலயும் எடுத்துட்டுப் போகலாம், டூ வீலர்லயும் கட்டிக்கலாம். கடையிலேயே ரெண்டு துண்டையும் சேத்து, ஒரு கண்ணை மூடி கைப்பிடிலேருந்து நுனி வரைக்கும் பாருங்க, நரம்பு போற வளையமெல்லாம் ஒரே கோட்டுல இருக்கணும். ஒவ்வொரு வளையத்துக்கு உள்ளயும் காது குடையுற பட்ஸை விட்டுத் தேய்ங்க, பஞ்சு எங்கயாவது மாட்டினா அங்க விரிசல் இருக்கு, அது உங்க நரம்பை நாள்பூரா சீவிக்கிட்டே இருக்கும்.

ரீலுக்கு வருவோம். ஸ்பின்னிங் ரீல்னு கேளுங்க, ராடுக்குக் கீழ தொங்குமே அது. ராடுக்கு மேல உக்கார்ற பெய்ட்காஸ்டர் பாக்க அழகா இருக்கும், ஆனா கட்டைவிரல் பழகுற வரைக்கும் ஒவ்வொரு வீச்சுக்கும் குருவிக்கூடு மாதிரி சிக்கு விழும், அது பின்னாடி பாத்துக்கலாம். சைசு 2500 இல்ல 3000 ஏரிக்குப் போதும், அணைக்குன்னா 4000. "12 பேரிங், 13 பேரிங்"னு அட்டைப்பெட்டியில பெருசாப் போட்டிருக்கிறதைப் பாத்து மயங்காதீங்க, நாலு நல்ல பேரிங் இருக்கிற ரீல் பதிமூணு மட்டமான பேரிங் இருக்கிற ரீலை விட நாளுக்கு நிக்கும். கையில எடுத்து மெதுவா சுத்துங்க, கரகரன்னு இருக்கக்கூடாது. கைப்பிடி ஆட்டம் அதிகமா இருக்கக்கூடாது. பெயில் கம்பியை, அதாவது ஸ்பூலைச் சுத்தி நரம்பைப் புடிக்கிற வளைவுக் கம்பியைத் தொறந்து மூடினா சுத்தமா மூடணும். டெய்வா, ஷிமானோ, ஒக்குமா இவங்க போடுறதுலயே விலை குறைஞ்ச மாடல் இருக்கு, பேரே கேள்விப்படாத கம்பெனியோட பளபள ரீலை விட அது மேல்.

ரீல்ல முக்கியமா பாக்க வேண்டியது டிராக். முன்னாடி ஒரு திருகு இருக்கும், மீன் வேகமா இழுத்தா நரம்பை ஒழுங்கா விட்டுக் குடுக்கிறது அதோட வேலை. நரம்பைக் கையால இழுத்துப் பாருங்க, வெட்டி வெட்டி வராம ஒரே சீரா வரணும். எவ்ளோ இறுக்கணும்னா நரம்போட வலுவுல நாலுல ஒரு பங்கு. 12 எல்பி நரம்புன்னா கிட்டத்தட்ட ஐந்தரை கிலோ, அதுல கால் பங்கு ஒன்னேகால் ஒன்றரை கிலோ, கொக்கித் தராசு இருந்தா நரம்பு நுனியில மாட்டி இழுத்துப் பாத்து செட் பண்ணலாம். டிராக்கை முழுசா இறுக்கி வெச்சுட்டு "பெரிய மீன் அறுத்துட்டுப் போயிடுச்சு"ன்னு சொல்றவங்க நிறைய, அந்தத் திருகை மட்டும் கொஞ்சம் தளர்த்தி வெச்சிருந்தா பாதி மீன் கரைக்கு வந்திருக்கும்.

நரம்பு சுத்தும்போது ஸ்பூல் விளிம்புக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் கீழ நிறுத்துங்க, அதுக்கு மேல ஏத்தினா கொத்துக்கொத்தா கழண்டு வரும், ரொம்பக் குறைவா இருந்தா தூரம் போகாது. சுத்தும்போது நரம்பை ஈரத்துணியில புடிச்சு இறுக்கமா சுத்தணும், பிரெய்டுன்னா அடியில கொஞ்சம் மோனோ சுத்திட்டு அதுமேல சுத்துங்க, இல்லைன்னா பிரெய்டு மொத்தமா ஸ்பூல்ல வழுக்கி சுத்தும். வீசினதும் பெயிலைக் கையால மூடுங்க, கைப்பிடியை சுத்தி மூடினா நரம்பு லூசா விழுந்து அடுத்த வீச்சுல சிக்காகும்.

விரால் பிடிக்கணும்ங்கிற ஆசைதான் பாதி பேரை இதுக்குள்ள இழுத்துட்டு வருது, அதுக்கு மேல சொன்ன செட்டு பத்தாது. விரால் அல்லிக்கொடி, ஆகாயத்தாமரை, கோரைக்கு நடுவுல இருக்கும், கடிச்சதும் கொடிக்குள்ள புகுந்துடும், அதை அங்கேருந்து பிய்ச்சு எடுக்கணும். ஆறரை ஏழு அடி மீடியம் ஹெவி ஃபாஸ்ட் ராடு, 30 இல்ல 40 எல்பி பிரெய்டு, உள்ள காலியா இருக்கிற ரப்பர் தவளை, இதுதான் செட்டு. அந்தத் தவளையோட முள்ளு உடம்போட ஒட்டி மேல்பக்கமா இருக்கும், கொடியில மாட்டாது. கடிச்சதும் சுண்டிடாதீங்க, ஒரு நொடி விட்டு, கனம் தெரிஞ்சதும் இழுங்க. இன்னொண்ணு, மழைக்காலத்துல தண்ணி மேல செவப்பா பொடிப்பொடியா குஞ்சுக்கூட்டம் கொதிக்கிற மாதிரி தெரியும், அதுக்கு அடியில தாயும் தகப்பனும் காவல் நிக்கும். கிட்ட என்ன வந்தாலும் பாஞ்சு கடிக்கும், அதனால அங்க தவளையைப் போட்டா உடனே மாட்டும். அதைப் பண்ணாதீங்க. பெத்தது ரெண்டும் போச்சுன்னா அந்தக் குஞ்சு மொத்தத்தையும் மத்த மீனுங்க முடிச்சுடும், அடுத்த வருஷம் அந்தக் குளத்துல விரால் தேட வேண்டியதுதான்.

கடலுக்கு சுருக்கமா சொல்றேன். மணல் கரைன்னா 10 அடி ராடு, 5000 சைசு ரீல், பாறைக்கல்லு மேல, தூண்டில் வளைவு (கடலுக்குள்ள நீட்டிக் கட்டின கல் சுவர்) மேலன்னா 8லேருந்து 9 அடி. சீலாவுக்குப் பல்லு ரம்பம், முள்ளுக்கு முன்னால ஒரு சாண் கம்பி லீடர் கட்டாயம். ரீல் உப்புத்தண்ணி தாங்கும்னு போட்டிருக்கணும். பாசி புடிச்ச பாறையில ஹவாய் செருப்போட நிக்காதீங்க. உடம்பை ஊதிக்கிற பேத்தை மீன் மாட்டினா விட்டுடுங்க, அதோட விஷம் கொதிக்க வெச்சாலும் போகாது. கெளுத்தியை, கடலோ குளமோ, துண்டால அமுக்கிப் புடிங்க, செட்டைக்குப் பக்கத்துல இருக்கிற முள்ளு குத்தினா ராத்திரி தூக்கம் போகும்.

கணக்குப் போட்டா, ஏரி செட்டுக்கு ராடு ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறு, ரீல் ஆயிரத்து ஐந்நூறு சுமார், மோனோ இருநூறு முந்நூறு, முள்ளு, ஈயம், ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்காம சுழலுற சின்ன இணைப்பு) இருநூறு, நோஸ் பிளையர் நூறு சொச்சம், மூவாயிரத்துலேருந்து மூவாயிரத்து எழுநூறுக்குள்ள முடிச்சிடலாம். அம்பது பீஸ் கலர்கலரா லூர் (போலி இரை) இருக்கிற டப்பா, மடக்கு சேர், கேமோ டிரெஸ், இதெல்லாம் இப்போ வேணாம். மீதிக் காசு இருந்தா நரம்புலயும் முள்ளுலயும் போடுங்க. கூடவே ஒரே ஒரு முடிச்சு, யூனி முடிச்சு, வீட்டுல உக்காந்து கண்ணை மூடிட்டுக் கட்டுற அளவுக்குப் பழகிட்டுப் போங்க, முள்ளு, ஸ்விவல், லீடர்னு எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும். இறுக்குறதுக்கு முன்னாடி எச்சிலோ தண்ணியோ தொட்டு ஈரமாக்குங்க, காஞ்ச நரம்பை இறுக்கினா உரசுற சூட்டுலயே வலு போயிடும்.

ஏரி குளமெல்லாம் பெரும்பாலும் ஏலத்துல குத்தகைக்குப் போயிருக்கும், உள்ள இருக்கிற மீனு ஒருத்தரோட முதலு, அதனால கேட்டுட்டுப் போடுங்க. அணைன்னா மீன்வளத்துறை, தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகம், கூட்டுறவு சங்கம்னு யாரு கையில இருக்குன்னு அங்கயே விசாரிங்க. ஒகேனக்கல் பக்கம் மஹ்சீர்ங்கிற பெரிய ஆத்து மீனைப் பிடிக்கணும்னு கனவு இருந்தா அதுக்குன்னு ராடு வாங்க வேணாம். காவிரியோட கூனல் முதுகு மஹ்சீரை 2018ல உலக அளவுல மிகவும் அழியும் ஆபத்துல இருக்கிற இனமா அறிவிச்சிட்டாங்க, அந்தப் பக்கத்துக் காட்டுல 2014ல காவிரி வடக்கு, 2022ல காவிரி தெற்குன்னு ரெண்டு சரணாலயமும் வந்தாச்சு, சரணாலயத்துக்குள்ள தூண்டில் போடுறது குத்தம்.

வீட்டுக்கு வந்ததும் ராடையும் ரீலையும் நல்ல தண்ணியில லேசா கழுவித் தொடச்சு நிழல்ல காய வைங்க, கடலுக்குப் போயிட்டு வந்தா இதை அன்னிக்கு ராத்திரியே செய்யணும், காலையில பாத்துக்கலாம்னு விட்டா உப்பு உள்ள எறங்கிடும். பைப்பை வேகமா அடிக்காதீங்க, தண்ணி உப்பை உள்ள தள்ளிடும். கழுவும்போது டிராக்கை இறுக்கி வைங்க, காஞ்சதும் முழுசா தளர்த்தி விட்டுடுங்க, இல்லைன்னா உள்ள இருக்கிற வாஷர் நசுங்கிடும். முள்ளை ஈரத்தோட டப்பாவுல போட்டா பக்கத்துல இருக்கிற புது முள்ளும் சேர்ந்து துருப்பிடிக்கும். கடைசி நாலஞ்சு அடி நரம்பை விரலுக்கு நடுவுல விட்டு உருவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா அதை வெட்டிட்டு புதுசா முடிச்சு போடுங்க. வெட்டின துண்டு நரம்பைக் கரையில போடாம பாக்கெட்டுல போட்டு எடுத்துட்டு வாங்க, கொக்கு, நீர்க்காகம் காலுல சுத்திக்கிச்சுன்னா அதால அவுக்க முடியாது. அடிக்கடி போறவங்கன்னா மோனோவை வருஷத்துக்கு ஒருக்கா முழுசா மாத்திடுங்க, பிரெய்டுன்னா கழட்டித் தலைகீழா சுத்தினீங்கன்னா அடியில இருந்த புதுப்பகுதி மேல வந்துடும், இன்னும் ஒரு ரவுண்டு ஓட்டலாம்.